‘மடையன் என்றால் என்ன, டீச்சர்?’

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம் வகுப்பில் ஒரு பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான். உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர் அவனை ‘மடையா’ என்றுதான் கூப்பிடுகிறார். சில நாட்களில் ‘மக்கு’, கோபம் வந்தால் ‘இடியட்’. வேண்டாம் சார் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தேன். அவர் தன் கைபேசிக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டினார். வெள்ளக் காலத்தில் ஏரிக்குள் மூழ்கி மடையைத் திறந்து ஊரைக் காத்தவர்கள்தான் மடையர்கள், அது வசை அல்ல, வீரப் பட்டம் என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் அந்தப் பையன் என்னிடம் வந்து, ‘மடையன் என்றால் என்ன, டீச்சர்?’ என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் செய்தி உண்மையா? அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். அகராதிப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். சொல்லுக்குப் பொருள் கேட்டு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. வழக்கறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள், பந்தயம் கட்டிக்கொண்டு நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். தன் மீது விழுந்த சொல்லுக்கு ஒரு சின்னப் பிள்ளை பொருள் கேட்டு, அது என் மேசைக்கு வந்தது இதுதான் முதல் முறை. இரண்டு நாட்களாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் அந்தக் கைபேசிச் செய்தியை எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் மனிதர்கள் உண்மையானவர்கள். அவர்களிடமிருந்து இந்த வசைச்சொல் பிறந்தது என்பது மட்டும் உண்மையில்லை.

நான் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்தவன். எங்கள் கண்மாயில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். உங்கள் மாவட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழித்தூம்பு. தூண்களுக்கு அடியில், கண்மாயின் தரைமட்டத்தில், கல்லில் குடைந்த துளை ஒன்று இருக்கும். அதை ஓர் அடைப்பு மூடியிருக்கும். அடைப்பைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியில் ஓடும் கல்வழியாக வாய்க்காலில் போய் விழும். அடைப்பு மாட்டிக்கொண்டால் ஒருவர் மூச்சடக்கி உள்ளே இறங்கித்தான் விடுவிக்க வேண்டும். துளைக்குள் நீர் பாயும் இழுப்பு ஆளையே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு இருந்தவரை நீர்பாய்ச்சி என்று அழைத்தோம்; பக்கத்து ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்த பிறகுதான் மூட்டை வீட்டுக்குப் போகும். ஐப்பசி அடைமழையில் இரவு இரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு அவர் கரைமேல் நடந்து போனதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு மரியாதை தர ஒரு வசைச்சொல்லை நிமிர்த்தி நிறுத்த வேண்டிய தேவையில்லை. அவர் வேலைக்கு அவர் வேலையின் பெயரே போதும்.

சொல்லுக்கு வருகிறேன். தமிழில் ‘மடை’ என்று ஒரு சொல் உண்டு, ‘மட’ என்று வேறொரு சொல் உண்டு. மடை என்பது ‘மடு’ என்ற வினையை ஒட்டியது. மடுத்தல் என்றால் உள்ளே கொள்ளுதல், உள்ளே செலுத்துதல். செவிமடுத்தல் என்று இன்றும் எழுதுகிறோம். நீரை வயலுக்குள் செலுத்தும் வாய் மடை. வாய்க்குள் செலுத்தும் உணவும் மடை. தெய்வத்துக்குப் படைக்கும் சோறும் மடை. கோவிலில் மடைப்பள்ளி என்று சொல்கிறோமே, அந்த மடை. அதனால் பழைய தமிழில் மடையன் என்றால் சமையற்காரன் என்று ஒரு பொருளும் உண்டு. அகராதிகள் அதைத் தனிச்சொல்லாகவே காட்டுகின்றன. அதற்கும் வசைக்கும் தொடர்பில்லை.

வசையான மடையன் அடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவன். மட, மடம், மடமை, மடைமை, மடையன். இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் புழக்கம் இருக்கிறது. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தில், செல்வம் இருந்தும் விருந்தினரைப் பேணாத மடமை ‘மடவார்கண் உண்டு’ என்று 89ஆம் குறள் முடிகிறது. பொறையுடைமை அதிகாரத்தில், அறிவில்லாதவர் செய்வதைப் பொறுத்துக்கொள்வதுதான் வலிமையுள் வலிமை என்கிறது 153ஆம் குறள். அங்கும் ‘மடவார்’ என்ற சொல்தான். ஏரியும் மதகும் இல்லாமலே, ‘அறிவில்லாதவர்’ என்ற பொருளோடு இந்தச் சொல் அப்போதே நின்றுகொண்டிருக்கிறது. மதகு திறந்தவரிலிருந்து வசை கிளைத்தது என்று சொல்ல வேண்டுமானால், வசை முன்னால் பிறந்து தகப்பன் பின்னால் பிறந்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முட்டாளுக்கும் இதே மாதிரி ஒரு கதை சுற்றுகிறது: தேருக்கு முட்டுக்கட்டை போட்ட ஆள்தான் முட்டாள் என்று. கன்னடத்திலும் ஏறத்தாழ இதே ஒலியில் இந்தச் சொல் இருக்கிறது, அங்கேயும் வசைதான். ஒரு சொல்லை இரண்டாக உடைத்து, இரண்டு பாதிக்கும் பொருள் கிடைத்துவிட்டால் வரலாறு கிடைத்துவிட்டது என்று நினைப்பது நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஒலி பொருந்தினால் மட்டும் போதாது. எந்த நூற்றாண்டில், யார், எந்தப் பொருளில் எழுதினார்கள் என்ற தடம் வேண்டும். அகராதிக்காரனின் வேலை முழுவதும் அந்தத் தடத்தைத் தேடுவதுதான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் நண்பரான அந்த மூத்த ஆசிரியர் சொன்னது தவறு என்று மட்டும் ஆகும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ‘மடம்’ என்ற சொல்லின் பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே வசை மட்டும் இல்லை. மடமான், மடநாரை, மடப்பிடி என்று சங்கப் பாடல்கள் நெடுகச் சொல்கின்றன. மானையும் நாரையையும் பெண்யானையையும் யாரும் அங்கே திட்டவில்லை. இளமை, மென்மை, உலகத்தின் சூது தெரியாத தன்மை என்பதே அந்த மடம். அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்தப் பங்கீட்டோடு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு வழக்கு. ஆனால் அங்கே மடம் என்பதற்குப் பழைய உரையாசிரியர்கள் தந்த விளக்கம் ஒன்று உண்டு: ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. ஒருவர் அறிவுறுத்தியதை வாங்கிக்கொண்டு, வாங்கிக்கொண்டதை விடாமல் வைத்திருத்தல். ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியர் தன் மாணவர்களிடம் இதற்கு மேல் என்ன கேட்பார்? இந்த வரியை நான் முதலில் படித்தபோது கல்லூரியில் இருந்தேன். அன்று வகுப்பு முடிந்தும் பெஞ்சைவிட்டு எழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புறநானூற்றின் 142ஆம் பாட்டில் பரணர் பேகனைப் பாடுகிறார். மழை வற்றிய குளத்திலும் பெய்கிறது, அகன்ற வயலிலும் பெய்கிறது, வேண்டிய இடத்தில் உதவாமல் உவர்நிலத்திலும் பெய்கிறது. பேகனும் அப்படித்தான், யாருக்கு, எதற்கு என்று கணக்குப் பார்க்காமல் கொடுப்பவன். கொடுப்பதில் மடம் படுவானே தவிரப் போரில் மடம் படமாட்டான் என்று பாட்டு முடிகிறது. ‘கொடைமடம்’ என்ற சொல் அங்கிருந்துதான் நமக்கு வந்தது. குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் அவன். புலவர் அதை மடம் என்கிறார். அந்த மடத்தைக் கைகூப்பித்தான் சொல்கிறார்.

ஆக மடம் பழைய தமிழில் பழியாகவும் இருந்தது, பரிவாகவும் இருந்தது. பேதை என்ற சொல்லும் அப்படியே. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுமிக்குப் பேதை என்று பெயர். பெண்ணின் ஏழு பருவங்களில் அது முதற்பருவம். அந்த வயதுக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது இயல்பு; இயல்பையே பெயராக வைத்தார்கள். வளர்ந்த ஆளைப் பேதை என்று சொன்னபோதுதான் அது பழியானது.

உங்கள் நண்பர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: வள்ளுவரே இரண்டு அதிகாரம் முழுக்க அறிவில்லாதவரைத் திட்டியிருக்கிறாரே என்று. திட்டியிருக்கிறார். 84ஆம் அதிகாரம் பேதைமை, 85ஆவது புல்லறிவாண்மை. தயவுசெய்து அந்த இருபது குறளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள், யாரைத் திட்டுகிறார் என்று. பேதைமை என்றால் கேட்டை வாங்கிக்கொண்டு ஊதியத்தைப் போகவிடுவது என்று தொடங்குகிறார். பெருஞ்செல்வம் கிடைத்தும் சுற்றத்தைப் பசிக்க விட்டு அயலாரை உண்ணவைப்பவன் வருகிறான். கழுவாத காலைப் பள்ளியில் வைப்பதுபோலச் சான்றோர் கூட்டத்துக்குள் நுழைபவன் வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக 834ஆம் குறள்: நூல்களை ஓதி, உணர்ந்து, பிறருக்கும் எடுத்துச் சொல்லி, தான் மட்டும் அதன்படி அடங்காதவனைப் போன்ற பேதை உலகத்தில் வேறு இல்லை. அடுத்த அதிகாரத்தில் 844: வெண்மை, அதாவது முதிராத அறிவு, எது என்றால் ‘நான் அறிவுடையவன்’ என்ற செருக்கு. இவர்கள் அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். தெரிந்தும் செய்தவர்கள், அல்லது தெரியும் என்று இறுமாந்தவர்கள். எழுத்துக் கூட்ட நேரமெடுக்கும் பிள்ளை அந்த இருபது குறளில் எங்கேயும் இல்லை.

கல்லாமை அதிகாரம் கடுமையானது என்பதை மறைக்க மாட்டேன். கல்லாதவரை விலங்கோடு ஒப்பிடுகிறது. ஆனால் அதற்கு அடுத்த அதிகாரம் கேள்வி. படிக்காதவனாக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாக இருக்கும் என்று 414ஆம் குறள் கை நீட்டுகிறது. உங்கள் பையன் உங்களிடம் வந்து கேள்வி கேட்டிருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் இந்தத் துறையில் கண்டதை ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். அறிவின்மையைக் குறிக்கும் நம் பழைய சொற்கள் பெரும்பாலும் ஒரு செயலைப் பார்த்துச் சொன்னவை. இன்று வகுப்பறையில் புழங்கும் சொற்கள் ஓர் ஆளைப் பார்த்துச் சொல்பவை. செயலை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆளை எப்படி மாற்றிக்கொள்வது?

‘மக்கு’ அப்படிப்பட்ட சொல். மக்குதல் என்றால் மங்குதல், கெட்டுச் சிதைதல். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பள்ளி வாசலில் இரண்டு தொட்டிகள் வைத்திருப்பீர்கள், அதே மக்கு. அந்தத் தொட்டியில் எழுதியிருக்கும் சொல்லைப் பெயராகச் சூட்டினால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குக்கூட அது புரியும். கூமுட்டை என்பது கூழ்முட்டை: அடைகாத்தும் குஞ்சு பொரியாமல் உள்ளே கூழாகிப்போன முட்டை. இனி இதில் உயிர் வராது என்று தீர்ப்பெழுதும் சொல் அது. பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொற்களில் இதை முதலில் வைப்பேன்.

வடமொழியிலிருந்து வந்தவற்றுக்கு வேறு விதமான பயணம். மூடன், மோகம் இரண்டுக்கும் ஒரே வேர். மயங்குதல் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் மோடன் என்பார்கள், சிங்களத்திலும் மோடயா என்று கேட்கும். மூர்க்கன் என்றால் வடமொழியில் முட்டாள்தான். தமிழுக்கு வந்தபின் முரடனாக மாறிவிட்டான். ‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்று பழமொழியும் பெற்றுவிட்டான். மந்தன் என்றால் மெதுவாகச் செல்பவன். சனிக் கோளுக்கு மந்தன் என்று பெயர், அது வானத்தில் மெதுவாக நகர்வதால். மெல்ல வீசும் காற்றுக்கு மந்தமாருதம் என்று பெயர், அதைக் கவிஞர்கள் கொண்டாடுகிறார்கள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் அதே சொல் பழியாகிறது.

ஏழை என்ற சொல்லைப் பாருங்கள். இன்று காசில்லாதவர் என்ற ஒரே பொருள்தான். 873ஆம் குறளில், தனி ஆளாக இருந்துகொண்டு பலரைப் பகைத்துக்கொள்பவன் பித்தரைவிட ‘ஏழை’ என்று வருகிறது. அங்கே ஏழை என்றால் அறிவில்லாதவன். அறிவில்லாதவனுக்கு இருந்த பெயர் எளியவனுக்குப் போய், பிறகு பணமில்லாதவனிடம் நிலைத்தது. சமூகம் யாரை அறிவில்லாதவராக எண்ணியது என்பதன் தடமும் அந்தப் பயணத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தற்குறி விஷயத்தில் நினைக்க வேண்டியதே இல்லை, நேரில் கண்டேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் ஒரு கீறல் இடுவார். எழுதத் தெரிந்த ஒருவர் அதன் பக்கத்தில் ‘இது இன்னாருடைய தற்குறி’ என்று எழுதுவார். தன் குறி, தற்குறி. அவ்வளவுதான். எழுத்தறியாதவர் சொத்தை இழந்துவிடக் கூடாது என்று இருந்த ஒரு பாதுகாப்பு அது. எங்கள் அப்பத்தாவின் தற்குறி போட்ட நிலப் பத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீர் முறையில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று ஊர்க்கூட்டத்தில் வாய்க்கணக்காகச் சொல்லக்கூடியவர் அவர். ஒரு முறை ஓர் அலுவலகத்தில், விண்ணப்பத்தில் எங்கே கைநாட்டு வைப்பது என்று கேட்டதற்கு, மேசைக்குப் பின்னால் இருந்தவர் ‘தற்குறிகளோடு பெரிய தொல்லை’ என்றார். அப்பத்தாவுக்கு அந்தச் சொல் பத்திரத்தில் இருக்கும் சொல்லாகத்தான் தெரியும். அவர் பெருவிரலை நீட்டியபடி, ‘ஆமாம் ஐயா, எங்கே போடட்டும்?’ என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்குப் பதினொரு வயது. எனக்குப் புரிந்தது. ஒரு சொல் பத்திரத்திலிருந்து இறங்கி ஆள்மேல் ஏறுவதை அன்று பார்த்தேன். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

இனி அந்த ‘இடியட்’. ஆங்கிலத்தில் சொன்னால் காரம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அப்படி நம்ப முடியாது. கிரேக்கத்தில் ‘இடியோத்தேஸ்’ என்றால் பொதுப்பணியில் இல்லாத தனிமனிதர். அது தொழில் தெரியாதவர் என்றாகி, பிறகு அறிவில்லாதவர் என்றாகி, சட்டத்துக்குள்ளும் மருத்துவத்துக்குள்ளும் போனது. நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டத்திலேயே அந்தச் சொல் இருந்தது. பாரிஸில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே 1905இல் ஓர் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார். எந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் உருவாக்கினார். அமெரிக்காவின் ஹென்றி கோடார்ட் அதை எடுத்துப்போய் மனிதர்களைத் தரம் பிரித்தார். மனவயது, அதாவது சோதனையில் ஒருவர் எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குப் பதில் சொல்கிறாரோ அந்த வயது, மூன்றுக்குக் கீழ் என்றால் இடியட், மூன்று முதல் ஏழு என்றால் இம்பிசைல், எட்டு முதல் பன்னிரண்டு என்றால் மோரன். மூன்றாவது சொல்லை 1910இல் கிரேக்கத்திலிருந்து அவரே உருவாக்கினார். உதவி தேடிப் பிறந்த அளவுகோலில் இப்படிப் பெயர்ச்சீட்டுகள் தொங்கின.

அந்தச் சீட்டுகள் என்ன செய்தன என்று கேளுங்கள். வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் ஒப்பினார்கள், ஒருவர் மறுத்தார். மூன்று தலைமுறை இம்பிசைல்கள் போதும் என்று தீர்ப்பில் எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். மூன்றாம் தலைமுறை என்று அவர் சொன்னது கேரியின் மகள் விவியனை. அந்தக் குழந்தை சில மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே ‘சரியில்லை’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். விவியன் பிறகு பள்ளிக்குப் போனாள்; முதல் வகுப்பில் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. 1932இல் எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். உங்கள் நண்பருக்குக் கோபம் வரும்போது வாயில் வரும் சொல்லுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் அதிக தூரம் இல்லை.

அறிவில்லாதவர் என்று திட்ட ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிரெட்டின்’ எனக்கு மிகுந்த துயரம் தரும் சொல். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அயோடின் குறைவால் உடலும் அறிவும் வளராமல் பிறந்தவர்களை அந்த ஊர் மக்கள் அப்படி அழைத்தார்கள். அவர்கள் பேச்சில் அதற்குக் ‘கிறிஸ்தவர்’ என்று பொருள். அதாவது, இவரும் மனிதர்தான், விலங்கு அல்ல என்று சொல்ல வந்த சொல். அதுவே வசையாயிற்று. சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பில் அயோடின் கலந்த பிறகு அந்தக் குறை மறைந்தது. நம் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வும், அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலை அயோடின் கலந்த உப்பால் குறைகிறது என்று காட்டியது. ஊரே அறிவில்லாதவர் என்று ஒதுக்கியவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சிட்டிகை அயோடின் உப்பு.

அதனால்தான் மருத்துவமும் சட்டமும் சொல்லை மாற்றிக்கொண்டே வருகின்றன. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘அறிவுசார் குறைபாடு’ என்ற பொருளுடைய சொல்லைப் பயன்படுத்துகிறது. கற்றலில் ஏற்படும் குறிப்பிட்ட குறைபாட்டையும் அது தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. புதிய சொல்லையும் ஒருநாள் யாராவது வசையாக்கக்கூடும். அப்போது மறுபடி மாற்றுவோம்; சலிப்படைய வேண்டியதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி. பையனிடம் என்ன சொல்வது?

அந்த வீரக் கதையைச் சொல்லாதீர்கள். அது பட்டம் என்று நீங்கள் சொன்னால், அதைச் சொன்னவரின் முகத்தை அவன் பார்த்திருக்கிறான். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வான். பள்ளியில் அவன் கேள்வி கேட்டு நிற்கும் ஒரே ஆளையும் இழந்துவிடுவான். ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னார்’ என்றும் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: ‘ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்று திட்டுகிற சொல் அது. உனக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. அதை உனக்குச் சொல்லித் தருவது என் வேலை, அது இன்னும் முடியவில்லை. மடையன் என்பது உன் பெயர் இல்லை. அப்படிக் கூப்பிட்டால் உனக்கு வலிப்பது சரிதான்.’ இதற்கு மேல் அகராதி வேண்டாம்.

பிறகு அவன் ஏன் திணறுகிறான் என்று பாருங்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, காது முழுதாகக் கேட்கிறதா, ஒரே மாதிரி வடிவமுள்ள எழுத்துகளில் தடுமாறுகிறானா, வாயால் கேட்டால் பதில் சொல்கிறானா. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் அனுப்புங்கள். நான் சொற்களின் ஆள், இதில் அவர் சொல்வதுதான் முடிவு.

உங்கள் நண்பர் மூத்தவர். குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். அந்த வீரப் பட்டத்தைத் தலைமை ஆசிரியருக்கும் தருவீர்களா என்று கேட்கத் தோன்றும். அதையும் கேட்காதீர்கள், மூலையில் தள்ளப்பட்டவர் காது கொடுக்கமாட்டார். அவருக்குச் சொல்லின் கதைகளில் ஆர்வம் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தச் செய்தியைச் சேமித்து வைத்திருக்கமாட்டார். இந்தப் பதிலை அச்செடுத்துக் கொடுங்கள். கொடைமடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக, எனக்காக ஒன்று செய்ய முடியுமா? மழை நின்று கண்மாய் நிறைந்ததும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். நண்பரையும் கூட்டிச் செல்லுங்கள். மடை எங்கே, மதகு எங்கே, குமிழி எங்கே என்று உங்கள் ஊர் நீர்பாய்ச்சியையே சொல்லச் சொல்லுங்கள். அவரை அந்த ஊரில் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அவர் கையில் இருக்கும் கருவிகளுக்கு என்ன பெயர், அடைப்பைத் தூக்கும் வேலைக்கு என்ன சொல் என்று அந்தப் பையனையே கேட்டுவரச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். ஊர்ச்சொற்களின் அட்டையில் சொன்னவர் பெயரையும் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்.